நினைவகம் பெருகினால் வேகம் பெருகுமா?

நாம் பணிபுரியும் காரியாலயத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விசித்திரமான தொல்லை நேர்ந்தது. பழைய மொழிபெயர்ப்புகளையும் கலைச்சொற்களையும் தேடி எடுத்துக் கொடுப்பதற்கென்று அங்கே ஒரு கணினி அமைப்பு உண்டு. ஒரு வாக்கியத்தை இட்டால், அதைப் போன்ற வாக்கியம் முன்பு எந்தப் பத்திரத்தில் வந்தது, அப்போது தமிழில் எவ்வாறு பெயர்க்கப்பட்டது, இந்தியில் எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பதையெல்லாம் நொடிப்பொழுதில் காட்டிவிடும். காலை பத்து மணிக்கு அது நன்றாகவே ஓடும். பதினொன்று அடித்து எல்லாப் பிரிவினரும் ஒருசேர வேலையில் இறங்கியவுடன் திடீரென்று நின்றுபோகும். நான்கைந்து விநாடி கழித்து மீண்டும் ஓடும். சற்றுப் பொறுத்து மீண்டும் நிற்கும். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை முற்றிலும் விழுந்துவிடும்; பிறகு அதை எழுப்ப வேண்டும்.

அமைப்பைப் பராமரித்து வந்த ஒப்பந்தக்காரர், நினைவகம் போதவில்லை என்று சொன்னார். 16 ஜிகாபைட் இருந்த இடத்தில் 64 ஜிகாபைட் வாங்கிப் பொருத்தப்பட்டது. அதில் 48 ஜிகாபைட், ஓடும் நிரலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அடுத்த வாரம் முதல் நிறுத்தங்கள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் நின்றால் நாற்பது விநாடி நின்றது! ஒரு நாள் மாலை, மறுநாள் காலை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டிய விடை ஒன்றைப் பதிந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர், அத்தகைய ஒரு நிறுத்தத்தில் இணைப்பு அறுந்து மூன்று பக்கங்களை இழந்தார். இரவு ஒன்பது மணி வரை இருந்து அவற்றை மறுபடி எழுதினார். பணமும் செலவாயிற்று, தொல்லையும் வளர்ந்தது.

இது ஏன் இவ்வாறு ஆயிற்று என்பதைச் சொல்லவே இவ்வுரை. நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். அந்தத் தொல்லையைப் பற்றிய அறிக்கையை மொழிபெயர்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தமையால், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புணேயிலும் குருகிராமத்திலும் இதையே தொழிலாகக் கொண்ட தமிழன்பர் பலர் உளர். அவர்களுக்கு இதில் சில பகுதிகள் தெரிந்தவையாகவே இருக்கும். அவர்களோடு வசிக்கும் பெற்றோருக்கோ, நள்ளிரவில் தொலைபேசி மணியடித்துப் பிள்ளை எழுந்து உட்காருகிறானே, அவன் எதனோடு மல்லுக்கட்டுகிறான் என்பது ஓரளவு விளங்கலாம்.

அந்த நிரல் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இம்மொழி 1995-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரகிள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஜாவாவின் தனிச்சிறப்பு, அதில் எழுதிய நிரல் எந்த பிராஸஸருக்கும் நேராகப் பேசாது என்பதே. நிரல் முதலில் ஓர் இடைமொழியாக மாற்றப்படுகிறது. அந்த இடைமொழியைப் புரிந்துகொண்டு, தான் அமர்ந்திருக்கும் கணினியின் சொந்த மொழியில் உடனுக்குடன் சொல்லும் துபாஷி ஒருவர் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறார். அவருக்கே மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். அடிக்கடி வரும் வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயர்க்காமல், ஒருமுறை செம்மையாகப் பெயர்த்து வைத்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லும் வழக்கமும் அந்தத் துபாஷிக்கு உண்டு.

துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. வீட்டைப் பெருக்குவதும் அவர் பொறுப்பே. நமது தொல்லை அங்கேதான் இருந்தது.

ஒரு நிரல் ஓடும்போது கணந்தோறும் சிறு சிறு பொருள்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் தேடிய சொல் ஒரு பொருள். கிடைத்த வரி ஒரு பொருள். வரிகளைக் கோத்த பட்டியல் ஒரு பொருள். இவை யாவும் நினைவகத்தில் குவியல் எனப்படும் பகுதியில் வைக்கப்படுகின்றன. வேலை முடிந்தபின் இவற்றை அகற்றுவது யார்? ஸி போன்ற பழைய மொழிகளில் நிரல் எழுதுபவரே ஒவ்வொன்றையும் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தால் இடம் அடைபடும். இரண்டு முறை கொடுத்துவிட்டால் விபரீதம் நேரும். ஜாவாவில் அந்தக் கவலை இல்லை. இயந்திரமே குப்பையை இனங்கண்டு அகற்றுகிறது.

இந்த யோசனை ஜாவாவோடு பிறந்ததன்று. லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1959-ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைக் கண்டுபிடித்தார். அவர் சொல்லும் ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி உண்டு. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், தொழில்துறைப் பிரமுகர்கள் முன்னிலையில் லிஸ்ப்பை முதன்முறையாக நேரில் இயக்கிக் காட்டினார்கள். நடுவில் நினைவகம் தீர்ந்துபோயிற்று. உடனே தட்டச்சுப் பொறி, குப்பை அள்ளுபவர் அழைக்கப்பட்டிருக்கிறார் என்னும் செய்தியையும் அதைச் சார்ந்த புள்ளிவிவரங்களையும், விநாடிக்குப் பத்தெழுத்து வீதம் நிதானமாக அடிக்கத் தொடங்கியது. எஞ்சிய நேரம் முழுவதும் அதிலேயே கழிந்தது. யாரோ விளையாடிவிட்டார்கள் என்று எண்ணிச் சபையோர் சிரித்தார்களாம். வேலை நடுவே எல்லாம் நின்று குப்பை அள்ளப்படும் அந்தக் காட்சிதான் நமது காரியாலயத்திலும் நடந்தது. அங்கே சிரிக்க மட்டும் யாருமில்லை.

எது குப்பை என்று இயந்திரம் எவ்வாறு அறிகிறது? அது குப்பையைத் தேடுவதே இல்லை. உயிரோடிருப்பதைத்தான் தேடுகிறது. இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைகளிலிருந்து தொடங்கி, அவை எந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பொருள் வேறு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று, வேரிலிருந்து கொடியைத் தொடர்வதுபோல் தொடர்ந்து செல்கிறது. எந்தக் கொடியிலும் சேராதது எதுவோ அதுவே குப்பை. ஆகவே, துப்புரவுக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் குப்பையின் அளவைப் பொறுத்ததன்று. உயிரோடிருக்கும் பொருள்களின் அளவைப் பொறுத்தது. இந்த ஒன்றை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

மாதுங்காவிலோ கரோல் பாகிலோ நடைபெறும் நம்மவர் கல்யாணம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசைகளின் மேல் தாள் விரித்து, அதன்மேல் இலை போடுகிறார்கள். பந்தி எழுந்தவுடன் ஒவ்வொரு இலையாக எடுப்பதில்லை. மேசைமேல் இருக்கும் சாம்பார் வாளி, நெய்ப் பாத்திரம் முதலிய வேண்டியவற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, தாளை இலைகளோடு ஒரே சுருட்டாகச் சுருட்டிவிடுகிறார்கள். இருநூறு இலைகளானாலும் முந்நூறு இலைகளானாலும் அவர்களுக்கு வேலை ஏறக்குறைய ஒன்றே. எடுத்து வைக்க வேண்டிய பாத்திரங்கள் எத்தனை என்பதே கணக்கு. ஜாவா இயந்திரமும் புதிய பொருள்களை இத்தகைய ஒரு கூடத்திலேயே வைக்கிறது. ஏதேன் என்று அதற்குப் பெயர். கூடம் நிரம்பியதும், உயிரோடிருக்கும் சிலவற்றைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, மீதியை ஒட்டுமொத்தமாகச் சுருட்டுகிறது. பல துப்புரவுகளைத் தாண்டியும் பயன்பட்டு வரும் பொருளைப் பழைய தலைமுறை என்னும் பரணுக்கு ஏற்றிவிடுகிறது. ஒரு பொருளை அதிகமாய்ப் பதினைந்து துப்புரவுகள் வரையே பக்கத்து அறைகளில் வைத்திருக்கும். அறை நெருக்கடியானால் அதற்கு முன்பே ஏற்றிவிடும்.

பெரும்பாலான பொருள்கள் பிறந்த சற்றைக்கெல்லாம் இறந்துவிடுகின்றன என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. 1983-இல் லீபர்மன், ஹியூவிட் என்னும் இருவரும், 1984-இல் பெர்க்லியில் டேவிட் அங்கர் என்பவரும் இக்கருத்தைக் கொண்டு முறைகள் வகுத்தனர். இன்றளவும் ஜாவாவின் துப்புரவு முறைகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.

கூடத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? ஒரு நிரல் விநாடிக்கு 400 மெகாபைட் அளவுக்குப் புதிய பொருள்களை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதேன் 4 ஜிகாபைட் ஆயின் ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை துப்புரவு தேவைப்படும். 8 ஜிகாபைட் ஆயின் இருபது விநாடிக்கு ஒருமுறை. ஒவ்வொரு துப்புரவுக்கும் ஆகும் நேரமோ பெரிதும் மாறுவதில்லை. இன்னும் பத்து விநாடி காத்திருந்ததில் மேலும் பல பொருள்கள் இறந்திருக்கும். இங்கே நினைவகம் கொடுப்பது நல்ல இலாபம்.

பரணோ வேறு விஷயம். அது நிரம்பினால் பழைய முறைகளில் அனைத்தையும் நிறுத்திவிட்டு, பரணில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வேண்டியதை ஒரு பக்கமாக நெருக்கி அடுக்க வேண்டும். பரண் பெரிதானால் இந்த வேலை அபூர்வமாக வரும். ஆனால் அதில் உயிருள்ள பொருள்கள் மிகுந்திருந்தால், வரும்போது நீண்ட நேரம் பிடிக்கும். ஐந்து விநாடி நிறுத்தம் நாற்பது விநாடி ஆனதன் இரகசியம் இதுவே.

இனி, அளவுகளை அமைப்பது எப்படி என்பதைப் பார்ப்போம். குவியலின் தொடக்க அளவைக் குறிப்பது எக்ஸ்.எம்.எஸ். என்னும் விருப்பக் குறி. உச்ச அளவைக் குறிப்பது எக்ஸ்.எம்.எக்ஸ். ஒன்றும் சொல்லாவிட்டால், இயந்திரம் வழக்கமாகக் கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தன் உச்ச அளவாக எடுத்துக்கொள்ளும். ஒரு கணினி முழுவதும் ஒரே நிரலுக்கென்று இருந்தால் இது மிகக் குறைவு. பல நிரல்கள் ஓடும் கணினியாயின் இதுவே மிகுதியாகலாம். ஓயாது வேலை செய்யும் சேவையகங்களில் தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாகவே வைப்பது பலருடைய வழக்கம். குவியல் பெருகுவதும் சுருங்குவதுமாக இருப்பதால் உண்டாகும் சிறு தடைகளை அது தவிர்க்கிறது.

உச்ச அளவு எவ்வளவு? இதை ஊகத்தால் சொல்லக்கூடாது. முழுத் துப்புரவு முடிந்தவுடன் குவியலில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நிரலுக்கு உண்மையாகத் தேவைப்படும் சரக்கு அதுவே. அதைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு கொடுத்துத் தொடங்குவது அனுபவஸ்தர்களின் கணக்கு. சரக்கு 5 ஜிகாபைட் என்றால் 15 முதல் 20 வரை. பிறகு அளந்து பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கொடுத்த அளவு முழுவதும் உண்மையான நினைவகத்தில் அடங்க வேண்டும் என்பதும் முக்கியம். இடம் போதாமல் ஒரு பகுதி வட்டுக்குத் தள்ளப்பட்டால், துப்புரவின்போது அந்தப் பகுதியையும் வட்டிலிருந்து இழுத்து வந்து பார்க்க நேரும். பிறகு நிறுத்தம் விநாடிகளில் அடங்காது.

பெரிய குவியல் வைப்போர் அவசியம் அறிய வேண்டிய எல்லை ஒன்று உண்டு. குவியல் ஏறக்குறைய 32 ஜிகாபைட்டுக்குக் கீழே இருக்கும்வரை, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளைச் சுட்டும் முகவரியை இயந்திரம் நான்கு பைட்டுகளில் சுருக்கி எழுதுகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் எட்டு பைட்டுகள் வேண்டும். ஜாவா நிரல்களில் பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டே இருப்பதால் இந்தச் செலவு சிறிதன்று. எனவே 31 ஜிகாபைட்டில் அடங்கிய சரக்கு 34 ஜிகாபைட்டில் அடங்காமல் போகவும் கூடும். காசு கொடுத்து இடத்தைக் குறைத்துக்கொள்வது இதுதான்.

தமிழில் எழுத்து வேலை செய்வோருக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2017-இல் வந்த ஒன்பதாம் ஜாவா முதல், ஆங்கிலம் போன்ற இலத்தீன் எழுத்துக்களால் மட்டும் ஆகிய சரத்தை இயந்திரம் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் வீதம் வைக்கிறது. அதில் ஒரே ஒரு தமிழ்க் குறி கலந்துவிட்டாலும் சரம் முழுவதும் குறிக்கு இரண்டு பைட் ஆகிவிடும். மேலும், நாம் ஓர் எழுத்தென்று எண்ணுவது இயந்திரத்துக்குப் பல சமயம் இரண்டு குறிகள். ‘அம்மா’ என்பதில் அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால் என ஐந்து குறிகள், பத்து பைட். ஆனால் அந்தச் சொல் குவியலில் பத்து பைட்டோடு நிற்பதில்லை. வழக்கமான 64 பிட் அமைப்பில் சரம் என்னும் பொருளுக்கு 24 பைட், எழுத்துக்களைத் தாங்கும் அடுக்குக்குத் தலைப்புக் குறிப்பு உட்பட 32 பைட், ஆக 56. இதையே ஆங்கில எழுத்துக்களில் நான்கெழுத்தாக எழுதினால் 48. சிறு சொற்களில் சுமை பெரும்பாலும் தலைப்புக் குறிப்புகளிலேயே இருக்கிறது. நீண்ட பத்திகளில்தான் தமிழின் இரட்டிப்புச் செலவு தெரியவரும். ஆங்கிலச் சோதனைச் சரக்கைக் கொண்டு அளவு நிர்ணயித்துவிட்டு, பிறகு இந்திய மொழிகளில் இலட்சக்கணக்கான வாக்கியங்களை ஏற்றினால் கணக்கு பொய்த்துப்போகும். நமது காரியாலயத்தில் முதல் மதிப்பீடு அவ்வாறுதான் செய்யப்பட்டிருந்தது.

துப்புரவு முறைகளும் பலவாகப் பெருகியிருக்கின்றன. எட்டாம் ஜாவாவில் சேவையகங்களுக்கு வழக்கமாக அமைந்தது, பலர் சேர்ந்து ஒரே மூச்சில் அள்ளும் முறை. மொத்த வேலை மிகுதியாக நடக்கும். நின்றால் நீண்ட நேரம் நிற்கும். இரவில் கணக்குப் போடும் வேலைக்கு இது இன்றும் உத்தமம். இரண்டு மணிக்கு நாற்பது விநாடி நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்பதாம் ஜாவாவிலிருந்து ஜீ-ஒன் என்பது வழக்கமாயிற்று. அது குவியலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, குப்பை மிகுந்த கட்டங்களை முதலில் எடுத்து, தவணை முறையில் துப்புரவு செய்கிறது. ஒரு நிறுத்தம் 200 மில்லிவிநாடிக்குள் முடியவேண்டும் என்பது அது தனக்கே வைத்துக்கொள்ளும் இலக்கு, வாக்குறுதி அன்று. இன்னும் குறைந்த நிறுத்தம் வேண்டுவோருக்கு இஸட்.ஜீ.ஸி. என்னும் முறை 2018-இல் சோதனையாக வந்து 2020-இல் உறுதி பெற்றது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுவதால், நிறுத்தம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவாக அமைகிறது. ஆனால் அதற்கு பிராஸஸரின் உழைப்பும் கூடுதல் இடமும் வேண்டும். மொத்த வேலை மிகுதியாக நடக்க வேண்டுமா, நிறுத்தம் குறைய வேண்டுமா, இடம் மிச்சமாக வேண்டுமா என்னும் மூன்றில் எது முக்கியம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளாமல் குறிகளை மாற்றுவது வீண் வேலை. எங்கோ எவரோ எழுதிவைத்த இருபது குறிகளை அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவோரும் உளர். அவற்றுள் சில, பின்னர் நீக்கப்பட்ட பழைய முறைக்கு உரியவையாக இருக்கும்.

இக்காலத்தில் நிரல்களைக் கொள்கலன் எனப்படும் தனித்தனி அடைப்புகளில் வைத்து ஓட்டுகிறார்கள். பெரிய வீட்டில் ஒரு போர்ஷனில் குடியிருப்பதற்கு இது ஒப்பாகும். பழைய ஜாவா இயந்திரங்கள் தம் போர்ஷனைப் பாராமல் வீடு முழுவதையும் அளந்து நான்கில் ஒரு பங்கு கேட்டன. 2018-இல் பத்தாம் ஜாவாவும், அதே ஆண்டில் எட்டாம் ஜாவாவுக்கு வந்த திருத்தமும் இக்குறையைத் தீர்த்தன. எனினும் இன்னொரு தவறு பரவலாக நடக்கிறது. போர்ஷனின் எல்லை 2 ஜிகாபைட் என்றால், குவியலின் உச்சத்தையும் 2 ஜிகாபைட் என்றே எழுதிவிடுகிறார்கள். குவியலுக்கு வெளியேயும் இயந்திரத்துக்கு இடம் வேண்டும். வகுப்புகளின் விவரம் வைக்க ஓரிடம். துபாஷி பெயர்த்து வைத்த வாக்கியங்களுக்கு ஓரிடம். ஒவ்வொரு வேலை இழைக்கும், லினக்ஸில் வழக்கமாக, ஒரு மெகாபைட் வரை ஓர் அடுக்கு. இருநூறு இழை என்றால் 200 மெகாபைட் வரை அதுவே. மொத்தம் எல்லையைத் தாண்டியதும் இயங்குதளம் எச்சரிக்கை எதுவுமின்றி நிரலைக் கொன்றுவிடும். 137 என்னும் எண் மட்டும் குறிப்பில் எஞ்சும். ஜாவாவின் பதிவேட்டில் ஒரு வரிகூட இராது; அதனால் பலர் காரணம் தெரியாமல் இரவெல்லாம் விழிக்கிறார்கள். எல்லையில் எழுபது முதல் எழுபத்தைந்து விழுக்காட்டைக் குவியலுக்குக் கொடுத்து, மீதியை விட்டுவைப்பது நல்ல தொடக்கம். மிகச் சிறிய அடைப்புகளில் இன்னும் குறைவாகக் கொடுக்க நேரிடும்.

பெரிய காரியாலயங்களுக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவாப் பதிப்பும் இதே இயந்திரத்தின்மேல் ஓடுவதுதான். நமது அண்டை வீட்டுச் சிறுவன், 8 ஜிகாபைட் உள்ள மடிக்கணினியில் 7 ஜிகாபைட்டை அதற்குக் கொடுத்துவிட்டு, விளையாட்டு முன்பைவிடத் திக்குகிறது என்று குறைப்பட்டுக்கொண்டான். இயங்குதளத்துக்கு மூச்சுவிட இடமில்லாமற் போனதே காரணம். பாதியாகக் குறைத்ததும் சீரடைந்தது.

மறுபடி நமது காரியாலயத்துக்கு வருவோம். நொய்டாவிலிருந்து இளம்பொறியாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். வந்தவுடன் எந்தக் குறியையும் அவர் மாற்றவில்லை. துப்புரவுப் பதிவேட்டை எழுதச் சொல்லும் ஒரே ஒரு குறியை மட்டும் இட்டார். “மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், சார். அதன்பிறகு சொல்கிறேன்” என்றார். எத்தனை மணிக்குத் துப்புரவு நடந்தது, எவ்வளவு நேரம் நின்றது, முன்னே எவ்வளவு இருந்தது, பின்னே எவ்வளவு எஞ்சியது என்பதையெல்லாம் அப்பதிவேடு ஒவ்வொரு வரியாகச் சொல்கிறது. அதனால் உண்டாகும் சுமையோ மிகச் சிறிது. இத்தனை பயனுள்ள ஒன்றை முதல் நாளிலிருந்தே ஏன் இட்டு வைக்கவில்லை என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவர் நான்கு எண்களைக் காட்டினார். முழுத் துப்புரவுக்குப் பின் எஞ்சியது திங்கட்கிழமை காலை 5 ஜிகாபைட், மாலை 9, செவ்வாய் மாலை 13, புதன் மாலை 17. நாளொன்றுக்கு நான்கு வீதம் ஏறிக்கொண்டே போயிற்று. வேலை செய்வோரின் தொகை மாறவில்லை. பத்திரங்களும் அவ்வளவு பெருகவில்லை. அப்படியானால் எவரோ எதையோ கையில் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள் என்பது வெளிப்படை. கொடியில் சேர்ந்த பொருளை இயந்திரம் குப்பையாகக் கருதாது என்று முன்பே சொன்னோம். பயனற்ற பொருளானாலும், ஒரு பட்டியலில் அதன் பெயர் இருக்கும்வரை அது உயிருள்ளதே.

அடுத்து, குவியலின் முழுப் படம் ஒன்றை எடுத்தார்கள். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. படம் எடுக்கும் நேரம் முழுவதும் நிரல் நின்றுவிடும். ஆகவே அது காரியாலய நேரத்துக்குப் பின்பே செய்யப்பட்டது. மேலும், நினைவகத்தில் இருந்த அனைத்தும், கடவுச்சொற்களும் வெளியிடப்படாத பத்திரங்களும் உட்பட, அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும். ஒப்பந்தக்காரர் அதைத் தம் இடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டார். நமது மேலதிகாரி மறுத்துவிட்டு, காரியாலயத்திலேயே வைத்துப் பார்க்கும்படி சொன்னார். அது மிகச் சரியான முடிவு.

படத்தில் குற்றம் அரை மணி நேரத்தில் தெரிந்தது. ஒருவர் உள்ளே நுழைந்து தேடியதன் விளைவுகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. அவர் வெளியேறும்போது அதை நீக்கும் வரியோ எழுதப்படவே இல்லை. ஆயிரக்கணக்கான தேடல்களின் பழைய விளைவுகள், இந்திய மொழிகள் பலவற்றில், குறிக்கு இரண்டு பைட் வீதம் பரணில் அடுக்கப்பட்டுக் கிடந்தன. 12 ஜிகாபைட் குவியல் இருந்தபோது அது இரண்டு நாளில் நிரம்பி விழுந்தது. 48 கொடுத்தபோது வாரம் முழுவதும் விழாமல் வளர்ந்தது. வாரக் கடைசியில் ஒவ்வொரு துப்புரவிலும் இருபத்தைந்து ஜிகாபைட் உயிருள்ள சரக்கை இயந்திரம் தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

திருத்தம் செய்ய ஒரு பிற்பகல் போதியதாக இருந்தது. அதன்பின் எஞ்சும் சரக்கு 5 ஜிகாபைட் அளவில் நிலைத்துவிட்டது. குவியலை 48-இலிருந்து 16 ஜிகாபைட்டாகக் குறைத்தார்கள். தொடக்கமும் உச்சமும் அதுவே. எட்டாம் ஜாவாவிலிருந்து பதினேழாம் ஜாவாவுக்கு மாற்ற மேலும் மூன்று வாரங்கள் பிடித்தன. பழைய நூலகங்கள் சில ஒத்துழைக்க மறுத்ததே காரணம். மாற்றியபின் ஜீ-ஒன் முறை தானாகவே அமைந்தது. அதன் 200 மில்லிவிநாடி இலக்கை யாரும் தொடவில்லை. அடுத்த மாதப் பதிவேட்டில் மிக நீண்ட நிறுத்தம் 180 மில்லிவிநாடி. வாங்கிப் பொருத்திய நினைவகத்தில் மீதி முற்றிலும் வீணாயிற்று என்றும் சொல்வதற்கில்லை. இயங்குதளம் அடிக்கடி படிக்கும் கோப்புகளை அங்கே வைத்துக்கொள்வதால் தேடல் முன்பைவிடச் சற்று விரைவாயிற்று. ஆனால் அதற்காக அவ்வளவு வாங்கியிருக்கத் தேவையில்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அந்த வாக்கியத்தை இரண்டு மொழிகளில் எழுதியவர் நாமே.

மூன்று பக்கங்களை இழந்த அம்மையார் இப்போதும் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேமிப்புப் பொத்தானை அழுத்துகிறார். நிறுத்தங்கள் தீர்ந்துவிட்டன என்று பொறியாளர் பதிவேட்டைக் காட்டி விளக்கினார். அதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த பத்தி முடிந்ததும் மறுபடி அழுத்தினார்.